மூன்று மாலை தின்ற இரண்டு வாஷர்: ஒற்றை கியர் சைக்கிளில் மூன்று கியர் ஹப்

வணக்கம். மேசை மேல் இந்த இரண்டு வாஷர்களை மட்டும்தான் வைத்திருக்கிறேன். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். நடு ஓட்டை முழு வட்டமாக இருக்காது, எதிரெதிரே இரண்டு பக்கம் தட்டை. ஓரத்தில் ஒரு பல் மடங்கி நிற்கிறது, தெரிகிறதா? என் ஒற்றை கியர் சைக்கிளில் மூன்று கியர் ஹப் மாட்டினேன், மூன்று மாலை இதற்காகத்தான் போனது. நேற்று ராத்திரி சரியாகிவிட்டது. அதனால்தான் வீடியோ உடனே.

முதலில் ஹப், அதாவது சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் உருளை. என் ஒற்றை கியர் வண்டியை உங்களுக்குத் தெரியும், முன்னால் 44 பல், பின்னால் 18. மேட்டில் எழுந்து நின்று மிதிப்பதைப் பார்த்து "கியர் போடுங்கள்" என்று எழுதிக்கொண்டே இருந்தீர்கள். ஆனால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் அந்தத் தொங்கும் கை எனக்குப் பிடிக்காது, அதையும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஹப்புக்குள்ளேயே கியர் இருந்தால் செயின் நேராக ஓடும், நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம், மழையும் மண்ணும் எளிதில் உள்ளே போகாது.

நான் எடுத்தது பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ, மூன்று கியர் ஹப். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்தது. 1936இல் வந்த வடிவம். ஹப்பின் வெளிக்கூட்டின் மேல் 78 என்று அடித்திருக்கிறது பாருங்கள், அது 1978. எட்டு கியர் ஹப் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஷிமானோ நெக்ஸஸ் எட்டு கியருக்குப் பிரேமின் பின்பக்க இரண்டு கைகளுக்கு நடுவில் 132 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். என் பிரேமில் 110தான். இந்த ஹப் 114. நாலு மில்லிமீட்டரை ஸ்டீல் பிரேம் கையால் இழுத்தாலே விட்டுக்கொடுக்கும். அலுமினியப் பிரேம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், விரிசல் விடும்.

சக்கரம் கட்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹப்பின் விளிம்பு பெரிது, அதனால் பழைய ஸ்போக்ஸ் நீளம் அதிகம், புதிது வாங்க வேண்டியிருந்தது. ரிம் பழையதுதான். கோட்டம் எடுக்கும் வீடியோ ஏற்கனவே இருக்கிறது.

இப்போது வாஷர். மாட்டி முடித்து முதல் நாள் ஓட்டினேன். சமதரையில் இரண்டாவது கியர், அருமை. மேடு வந்தது, முதல் கியர், அப்பாடா என்று இருந்தது. மூன்றாவது மேட்டில் சர் சர் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் கோணலாகி டயர் இடது பக்கக் குழாயில் உரசுகிறது. வலது நட்டு தளர்ந்திருக்கிறது, செயின் அச்சை முன்னால் இழுத்துவிட்டது. சரி, இறுக்கம் போதவில்லை என்று இறுக்கினேன். மறுநாளும் அதே கதை. இன்னும் பெரிய ஸ்பேனரை எடுத்து, உடம்பு பாரத்தையே போட்டு இறுக்கினேன். மூன்றாம் நாளும் அதே கோணல். எரிச்சல் தாங்கவில்லை, மரை தேய்ந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மரை என்றதும் ஞாபகம் வருகிறது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்த அச்சின் மரை தனி அளவு: 13/32 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று. வேறு சைக்கிள் நட்டு ஏறுவதுபோல ஏறும், பாதியில் கடித்துக்கொள்ளும். நட்டு தொலைந்தால் இதற்கென்று உள்ளதையே தேடி வாங்குங்கள்.

சரி, மூன்றாம் நாள் ராத்திரி ஒன்று உறைத்தது. முதல் நாள் காலையில் சமதரையில் ஒரு மணி நேரம் இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன், நட்டு இம்மியும் அசையவில்லை. மேட்டில் மட்டும்தான் தளர்கிறது. ஏன்?

ஹப்புக்குள் நடுவில் 20 பல்லுள்ள ஒரு சக்கரம், அது அச்சோடு சேர்ந்தே இருக்கிறது, சுற்றாது. அதைச் சுற்றி 20 பல்லில் சின்னச் சக்கரங்கள். அவற்றுக்கு வெளியே 60 பல்லுள்ள வளையம். முதல் கியரில் நீங்கள் வளையத்தைச் சுற்றுகிறீர்கள், சின்னச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டு ஹப்பைச் சுற்றுகிறது. வளையம் நாலு சுற்று சுற்றினால் ஹப் மூன்று சுற்று. வேகம் குறைந்த அளவுக்கு விசை கூடும், உள்ளே போவது மூன்று பங்கு என்றால் வெளியே வருவது நாலு பங்கு. அந்தக் கூடுதல் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது? நடுவில் சுற்றாமல் நிற்கிறதே, அந்தச் சக்கரம் எதிர்த்து நிற்பதால் வருகிறது. அது நிற்பது அச்சில். அச்சு நிற்பது பிரேமில். ஆக, முதல் கியரில் மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அச்சு திரும்பப் பார்க்கிறது. மூன்றாவது கியரில் எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. இரண்டாவது கியரில் நேரடி ஓட்டம், நடுச் சக்கரத்துக்கு வேலையே இல்லை. இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினால் எந்த நட்டு நிற்கும்?

அதைத் தடுப்பதுதான் இந்த வாஷர். ஓட்டையின் தட்டைப் பக்கம் அச்சின் தட்டைப் பக்கத்தில் உட்காரும், பல் பிரேமில் அச்சு மாட்டும் பிளவான காடிக்குள் உட்காரும். அச்சு திரும்ப வழியே இல்லை. எனக்கு ஹப்பை விற்றவர் நட்டு, கம்பி எல்லாம் ஒரு பையில் போட்டுத் தந்தார், இது மட்டும் அதில் இல்லை. நானும் சாதாரண வட்ட வாஷரைப் போட்டு மூடிவிட்டேன். சக்கரம் கட்டுவதைப் பற்றி அத்தனை பேர் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஒருவராவது அழுத்திச் சொல்லக் கூடாதா? பழைய ஹப் வாங்கினால் பையைத் திறந்து முதலில் இதைத் தேடுங்கள்.

பக்கத்துக்கு ஒன்று போட்டேன். நட்டிலிருந்து பிரேம் வரை மார்க்கரால் ஒரு கோடு கிழித்தேன். நேற்று அதே மூன்று மேடு, ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை ஏறினேன். இதோ, கோட்டைப் பாருங்கள். நேராக இருக்கிறது! இதைத்தான் ராத்திரியெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று விட்டுப்போனது. பின்னால் 18ஐ எடுத்துவிட்டு 20 பல் போட்டிருக்கிறேன். மூன்றாவது கியர் இரண்டாவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல், 18 பல்லோடு அது எனக்கு ரொம்பக் கனம். செயினை மாற்றவில்லை, அச்சு காடியில் ஆறு மில்லிமீட்டர் போல முன்னால் வந்தது, அவ்வளவுதான். இந்தப் பல்சக்கரம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும், திருப்பிப் போட்டால் செயின் உள்ளே அல்லது வெளியே நகரும். என்னுடையது குழிவு உள்பக்கம் பார்த்தபடி போட்டதும் நேராக வந்தது.

கியர் மாற்றும் கேபிளை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். இரண்டாவது கியரில் வைத்து, வலது நட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாகப் பாருங்கள். உள்ளே கேபிள் இழுக்கும் கம்பியின் விளிம்பு அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதிலும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது, பெடல் சட்டென்று வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி ஆனால் விழுவீர்கள். நான் ஓட்டக் கிளம்பும் முன் தினமும் பார்க்கிறேன்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, மைக்கை ஹப் பக்கத்தில் வைக்கிறேன். கையால் பெடலைச் சுற்றுகிறேன். முதல் கியர்... சத்தமே இல்லை. இரண்டு... டிக் டிக் டிக், கேட்கிறதா? மூன்று... அதே டிக், கொஞ்சம் வேகமாக. இருங்கள், இன்னொரு தடவை.