ஆயிரம் பேரை வைத்து என்ன செய்வது? பால்டிக் எல்லையில் நேட்டோவின் கணக்கு

[திரையில்: போலந்து – லித்துவேனியா எல்லை வரைபடம்]

வணக்கம். இந்த வரைபடத்தில் மேற்கே இருப்பது கலினின்கிராட். சுற்றிலும் வேறு நாடுகள், ஆனால் அது ரஷ்ய மண். கிழக்கே ரஷ்யாவின் கூட்டாளி பெலாரூஸ். நடுவில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். சுவால்கி இடைவெளி என்கிறார்கள். பால்டிக் நாடுகளான எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றுக்கும், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் மற்ற நாடுகளோடு தரைவழித் தொடர்பு இது ஒன்றுதான். இதை அடைத்துவிட்டால் மூன்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இவை நேட்டோவில் சேர்ந்தது 2004ல். அப்போதிருந்தே மற்ற உறுப்பு நாடுகள் முறை வைத்துப் போர் விமானங்களை அனுப்பி இந்த வானத்தைக் காவல் காக்கின்றன. சரி, தரையில்? 2014ல் ரஷ்யா கிரைமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கேள்வி சூடுபிடித்தது.

[திரையில்: ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு]

'ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாக அர்த்தம்.' நேட்டோ என்றதும் நினைவுக்கு வரும் ஐந்தாவது பிரிவு இது. ஆனால் கொஞ்சம் கீழேயும் படியுங்கள். ஒவ்வொரு நாடும் தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது. கெட்டிக்கார வக்கீல் ஒருவர், கம்பளி அனுப்பினாலே போதும் என்று கூட வாதாடலாம். 1949லிருந்து இந்தப் பிரிவு பயன்பட்டது ஒரே முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு.

காகிதத்தில் இருந்த இந்த ஓட்டையை ஆட்களை வைத்து அடைத்தார்கள். 2016 வார்சா மாநாட்டில் முடிவெடுத்து, 2017ல் நான்கு படையணிகள் வந்து இறங்கின. எஸ்டோனியாவுக்கு பிரிட்டன் தலைமை, லாட்வியாவுக்கு கனடா, லித்துவேனியாவுக்கு ஜெர்மனி, போலந்துக்கு அமெரிக்கா. ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரம் பேர்.

ஆயிரம் பேர் ரஷ்யப் படையைத் தடுக்க முடியுமா? முடியாது. அது அவர்களை அனுப்பியவர்களுக்கும் தெரியும். எல்லை தாண்டி வருகிறவன் முதல் நாளே பிரிட்டிஷ், ஜெர்மன், கனடா வீரர்களைச் சுட வேண்டியிருக்கும். அதற்கப்புறம் லண்டனிலும் பெர்லினிலும் 'எது அவசியம்' என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. பனிப்போர்க் காலத்தில் மேற்கு பெர்லினில் மேற்கத்திய வீரர்களை வைத்திருந்ததும் இதே கணக்கில்தான். குரூரமான கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே நிற்கும் வீரனின் வேலையில் பாதி, இலக்காக இருப்பது.

[திரையில்: 2022]

உக்ரைன் போர் இந்தக் கணக்கைக் குலைத்துப்போட்டது. 2022 ஜூனில் எஸ்டோனியாவின் அன்றைய பிரதமர் காயா கல்லாஸ் வெளிப்படையாகவே சொன்னார்: இப்போதுள்ள திட்டப்படி எங்கள் நாடு முதலில் விழும், 180 நாள் கழித்து மீட்பார்கள். அப்போது உலகம் புச்சாவைப் பார்த்திருந்தது. கீவ் பக்கத்தில் உள்ள அந்த ஊர் ரஷ்யப் படையிடம் இருந்தது ஏறக்குறைய ஒரு மாதம். அங்கே கிடைத்த உடல்கள் 400க்கும் மேல். ஒரு மாதத்துக்கே இப்படியென்றால், 180 நாளுக்கு?

'அப்புறம் மீட்போம்' என்பது அதோடு செல்லாக்காசானது. அந்த மாதக் கடைசியில் மாட்ரிட் மாநாட்டில், தேவைப்படும் இடங்களில் படையணிகளை பிரிகேடு அளவுக்கு, அதாவது சில ஆயிரம் வீரர்களாகப் பெருக்க முடிவு செய்தார்கள். ஜெர்மனி 2027க்குள் லித்துவேனியாவில் கிட்டத்தட்ட 5,000 பேர் கொண்ட பிரிகேடை நிரந்தரமாக நிறுத்தப்போகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி வெளிநாட்டில் இப்படிச் செய்வது இதுவே முதல் முறை. குடும்பங்களும் கூட வரலாம். அதனால் வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் தயாராகின்றன.

2023ல் பின்லாந்து, 2024ல் சுவீடன் உள்ளே வந்தன. ரஷ்யாவோடு பின்லாந்துக்கு உள்ள எல்லை மட்டுமே 1,300 கிலோமீட்டருக்கு மேல். நேட்டோ நெருங்கி வருகிறது என்பது ரஷ்யாவின் நெடுநாள் புகார். கடைசியில் அதை நெருங்க வைத்ததே இந்தப் போர்தான்.

சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. 2025 செப்டம்பரில் போலந்துக்குள் ரஷ்ய ட்ரோன்கள் சுமார் இருபது நுழைந்தன. மலிவான ட்ரோனை வீழ்த்த அதைவிடப் பல மடங்கு விலையுள்ள விமானங்களும் ஏவுகணைகளும் கிளம்பின. போலந்து கேட்டது ஐந்தாவது பிரிவை அல்ல, கூடிப் பேசச் சொல்லும் நான்காவது பிரிவை. இது போர் என்று எந்த இடத்தில் சொல்வது? அதை ஒப்பந்தம் சொல்லவில்லை.

[திரையில்: தண்டவாளம், நெருக்கத்தில்]

இன்னொரு தலைவலியும் உண்டு. ஐரோப்பியத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். பால்டிக் நாடுகளில் இருப்பது ரஷ்யப் பேரரசு விட்டுப்போன அகலப்பாதை, இன்று 1,520. போலந்திலிருந்து ரயிலில் வரும் டாங்கி லித்துவேனியாவின் கௌனாஸ் வரை வரலாம். அதற்கு மேலே எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்குப் போக, இறக்கி வேறு ரயிலில் ஏற்ற வேண்டும். ரயில் பால்டிகா என்ற புதிய பாதையை 2030க்குள் முடிப்பதாகத் திட்டம். அதுவரை அந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசம் அங்கேதான் இருக்கும்.