டாங்கியில் போட்ட வெள்ளைக் கோடு யார் கண்ணுக்கு?

[திரையில்: புழுதிச் சாலையில் டாங்கி வரிசை. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் ‘இசட்’ எழுத்து.]

வணக்கம். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது இந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ரஷ்ய மொழியின் எழுத்துகளில் இசட் வடிவமே கிடையாது. அப்படியானால் இதற்கு என்ன அர்த்தம் என்று உலகமே ஊகித்தது. ‘வெற்றிக்காக’ என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் பிற்பாடு ஒரு விளக்கம் கொடுத்தது. அர்த்தம் இருக்கட்டும், இதை யார் பார்ப்பதற்காக எழுதினார்கள் என்று கேட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

இரண்டு நாடுகளிடமும் இருந்தவை சோவியத் காலத்து வண்டிகள். அதே டி-72 டாங்கி, அதே பிஎம்பி கவச வண்டி. ஒரு கிலோமீட்டர் தள்ளி மரங்களுக்கு நடுவே ஒன்று அசைந்தால், அது நம்முடையதா எதிரியுடையதா என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பீரங்கிக்குப் பின்னால் இருக்கும் வீரருக்குச் சில விநாடிதான் அவகாசம். அந்தச் சொந்தப் படை வீரரின் கண்ணுக்குத்தான் அந்தப் பெயின்ட்.

அவர் தவறாக முடிவெடுத்தால் என்ன ஆகும்?

[திரையில்: சிசிலித் தீவின் வரைபடம். தெற்குக் கரையில் ஜேலா.]

இரண்டாம் உலகப் போர். 1943 ஜூலை 11, இரவு. அமெரிக்காவின் 144 போக்குவரத்து விமானங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாராசூட் வீரர்களைச் சுமந்துகொண்டு சிசிலிக்கு வருகின்றன. கீழே கடலிலும் கரையிலும் இருப்பது அவர்களுடைய நேச நாட்டுப் படையேதான். ஆனால் அன்று முழுக்க ஜெர்மன் விமானங்கள் வந்து குண்டு போட்டிருக்கின்றன. கடைசித் தாக்குதல் முடிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. முதலில் வந்த சில விமானங்கள் பத்திரமாகக் கடந்துவிட்டன. அப்புறம் எங்கோ ஒரு துப்பாக்கி சுட ஆரம்பித்தது. அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து கரை முழுவதும், கப்பல்கள் முழுவதும். 23 விமானங்கள் விழுந்தன. பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்களும் தங்கள் ஆட்களின் குண்டுக்கே பலியானார்கள். இந்தப் போரைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இந்த ஓர் இரவைக் கடந்துபோக மட்டும் எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த ஆண்டு பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாடுகள் இறங்கத் திட்டமிட்டபோது அந்த இரவை யாரும் மறக்கவில்லை. விமானத்தின் இறக்கையிலும் உடலிலும் ஐந்து பட்டைகள்: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம், இரட்டை எஞ்சின் என்றால் 24. நான்கு எஞ்சின் விமானங்களுக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் ஜெர்மனியிடம் அந்த வகை மிகக் குறைவு. முன்கூட்டியே தெரிந்தால் எதிரியும் அதே பட்டையைப் போட்டுக்கொள்வான் என்பதால் உத்தரவே கடைசி நேரத்தில், ஜூன் 3, 4 தேதிகளில்தான் போனது. பிரஷ் மட்டுமில்லாமல் துடைப்பத்தாலும் அடித்தார்கள். பழைய புகைப்படங்களில் அந்தக் கோணல் கோடுகளை இன்றும் பார்க்கலாம். அடையாளம் ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கிறது என்பதற்குப் பதில் அந்தக் கோணலிலேயே இருக்கிறது. யாரும் ஒரே இரவில் போடக்கூடியதாக இருக்க வேண்டும், புழுதியிலும் அரை வெளிச்சத்திலும் தெரிய வேண்டும்.

1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த சோவியத் டாங்கிகளிலும் வெள்ளைப் பட்டை இருந்தது. செக்கோஸ்லோவாக்கியப் படையிடமும் அதே ரக டாங்கிகள் இருந்ததுதான் காரணம். இந்தத் தேவை வண்டிகள் வருவதற்கு வெகுகாலம் முந்தியது. பகைவர் நடுவே இன்ன வேந்தனின் படை என்று தெரிவதற்காகச் சேரர் படை பனம்பூவும், பாண்டியர் படை வேப்பம்பூவும், சோழர் படை ஆத்திப்பூவும் சூடியதைத் தொல்காப்பியம் சொல்கிறது.

[திரையில்: 1939, போலந்து. ஜெர்மன் டாங்கியில் பெரிய வெள்ளைச் சிலுவை.]

சரி, நம் ஆளுக்குத் தெரிவது எதிரிக்கும் தெரியுமே? தெரிந்தது. போலந்து வீரர்கள் இந்த வெள்ளைச் சிலுவையையே குறியாக வைத்துச் சுட்டார்கள். ஜெர்மன் வீரர்கள் அதன்மேல் சேற்றைப் பூசி மறைத்தார்கள். நார்மண்டியிலும் ஒரு மாதத்துக்குப் பிறகு விமானங்களின் மேல்பக்கப் பட்டைகளை அழித்துவிட்டார்கள், தரையில் நிற்கும்போது மேலிருந்து பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால். அடையாளத்தையே மாற்றிக்கொள்வதும் உண்டு. உக்ரைன் படை 2022 செப்டம்பரில் கார்கிவ் பகுதியில் வெள்ளைச் சிலுவையோடு போனது. 2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தபோது அடையாளம் முக்கோணமாகியிருந்தது.

பெயின்டால் முடியாததும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கை எதிர்த்த அமெரிக்கக் கூட்டணியின் வண்டிகளில் தலைகீழ் ‘வி’ வரைந்திருந்தார்கள். ஆனால் தெர்மல் கேமராவுக்கு வெப்பம்தான் தெரியும், நிறம் தெரியாது. பெயின்டும் இரும்பும் ஒரே சூட்டில் இருந்தால் அந்தக் குறி திரையில் காணாமலே போய்விடும். அந்தப் போரின் சண்டையில் இறந்த 148 அமெரிக்கர்களில் 35 பேர் தங்கள் தரப்புக் குண்டால் இறந்தவர்கள்.

2003 மார்ச் 28, தெற்கு ஈராக். பிரிட்டிஷ் கவச வண்டிகளின் கூரையில் வானிலிருந்து தெரிவதற்காகவே ஆரஞ்சு நிறப் பட்டைகள் விரித்திருந்தார்கள். மேலே பறந்த இரண்டு அமெரிக்க விமானிகள் அந்த ஆரஞ்சைக் கண்டார்கள், தங்களுக்குள் பேசியும் கொண்டார்கள். அந்தப் பகுதியில் நம் படை இல்லை என்று தரையிலிருந்து சொல்லியிருந்ததால், அவர்கள் அதை ராக்கெட் என்று முடிவு செய்தார்கள். அந்தத் தாக்குதலில் ஒரு பிரிட்டிஷ் வீரர் இறந்தார்.