ஏரிக்கரையில் எறிந்த பந்து

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் பொறுப்பைத் தோளில் சுமக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே, நெடுந்தொலைவிலிருந்து வண்டியோட்டி வந்து முன்வரிசையைச் சிறப்பிக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, தாய்மார்களே, குழந்தைகளே, வணக்கம்.

நாம் வாழும் இந்த டெட்ராய்ட் நகரில் 18 பருவங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்த கஸ் டொரே பந்தெறிந்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு அடித்தளம் ஔவையின் வாக்கு: ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.’

விஸ்கான்சினில் 1891-இல் பிறந்த டொரே, நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்தெறிபவர். பந்தை முன்னோக்கி எறிய 1906-லேயே அனுமதி கிடைத்துவிட்டபோதிலும், பெரும்பாலான அணிகள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவதையே நம்பின. பந்தும் இன்றுள்ளதைவிடப் பருத்திருந்தது. 1913 கோடையில் டொரேயும் தோழர் நூட் ராக்னியும் சீடர் பாயிண்டில் வேலை பார்த்தார்கள். நம் பிள்ளைகளை ரோலர் கோஸ்டரில் ஏற்ற அழைத்துச் செல்கிறோமே, அதே சீடர் பாயிண்ட்தான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஈரி ஏரியின் மணலில் டொரே எறிய, ராக்னி ஓடிப் பிடித்தார்.

அவ்வாண்டு நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரி அணியைச் சந்தித்தார்கள். ராக்னி பின்னாளில் சொன்ன ஒரு நிகழ்ச்சியை இங்கே விரித்தே சொல்ல வேண்டும், பொறுத்தருளுங்கள். அவர் அடிபட்டவர்போல் காலை இழுத்து இழுத்து நடந்தாராம். மீண்டும் நொண்டினாராம், மறுபடியும் நொண்டினாராம். எதிரே காவல் நின்றவர், ‘இவனால் இனி ஆகாது’ என்று கண்ணை எடுத்துவிட்டார். அந்தக் கணத்தில் நொண்டிக்கால் குதிரைக்கால் ஆயிற்று! ராக்னி பாய்ந்தோட, டொரே எறிந்த பந்து வானில் வளைந்து வந்து அவர் ஏந்திய கைகளில் இறங்கியது. டச்டவுன்! எதிரணியின் எல்லையில் பந்தைச் சேர்த்துப் புள்ளிகள் பெற்றார்கள்! அன்று டொரே எறிந்த 17 பந்துகளில் 14 உரியவர் கையைச் சேர்ந்தன. அவற்றால் கிடைத்த தூரம் 243 கெஜம். 35-க்கு 13 என்று வென்றார்கள். ராணுவ அணி அந்த ஆண்டில் தோற்ற ஒரே ஆட்டம் அது. கைப்பழக்கம், பெரியோர்களே, மணலில் வந்த கைப்பழக்கம்!

பிறகு டுபியூக், கொன்சாகா கல்லூரி அணிகள், 1925 முதல் 1942 வரை டெட்ராய்ட் பல்கலைக்கழகம், அதன்பின் 1947 வரை தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸ் என அவர் பயிற்சியாளராக வாழ்ந்ததும், 1928-இல் அவருடைய அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காததும் தனிச் சொற்பொழிவுக்குரியவை.

இன்று நான் கேட்க வந்தது நம் பிள்ளைகளின் கோடையை. பள்ளி மூடியதும் அபாகஸ், கணிதப் போட்டி, ஸ்பெல்லிங் பீ என்று அவர்களுடைய பகல் முழுவதையும் நாம் நிரப்பிவிடுகிறோம். என் மகனுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். அவன் என்னோடு பந்தெறிந்து விளையாடிய நாள் ஒன்றுகூட என் நினைவில் இல்லை, ஏனெனில் அப்படியொரு நாளை நான் அவனுக்குத் தரவேயில்லை. நாப்பழக்கத்துக்கு வகுப்பு வைக்கும் நாம், அதே வரியில் முன்னால் நிற்கும் கைப்பழக்கத்தை மறக்கலாமா?

முதல்வர் அம்மையார் அவர்களைக் கைகூப்பி வேண்டுகிறேன்: இவ்வாண்டு நடத்த எண்ணியிருக்கும் கோடைச் சிறப்பு வகுப்பை நிறுத்திவைத்து, ஜூலை மாதத்துச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பூங்காத் திடலுக்கு அனுப்ப ஒப்புதல் தாருங்கள். பந்துகளை நான் வாங்கி வருகிறேன்.