கைரேகையை கம்ப்யூட்டர் எப்படித் தேடுது

எல்லாருக்கும் வணக்கம். கைரேகைன்னதும் சினிமால ஸ்கிரீன்ல போட்டோவா ஓடி கடைசில ஒரே ஒரு மூஞ்சி வந்து நிக்குமே, நிஜத்துலயும் அப்படித்தான்னு நிறைய பேர் நம்புறாங்க, ஆனா அப்படி இல்லீங்க.

கொஞ்சம் பழைய கதை. 1897ல கல்கத்தாவுல போலீசுக்கான கைரேகை அலுவலகம் ஆரம்பிச்சாங்க. அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு பேர் உழைச்சு, எந்தெந்த விரல்ல சுழி இருக்குன்னு பார்த்து 1024 பிரிவா பிரிக்கிற கணக்கு வந்துச்சு, ஆனா பேரு மேலதிகாரி ஹென்றிக்குத்தான் போச்சு, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். அந்தக் கணக்குக்குப் பத்து விரலும் வேணும். திருட்டு நடந்த இடத்துல கிடைக்கிறதோ ஒரு விரல், அதுவும் பாதி அழிஞ்சது! அதை வெச்சு லட்சக்கணக்கான ரேகை அட்டைல எங்கன்னு தேடுறது?

இங்கதான் கம்ப்யூட்டர் வருது. ரேகையை ஸ்கேன் பண்ணும்போது ஒரு இன்ச்சுக்கு 500 புள்ளி எடுக்குறாங்க. அப்புறம் கோடு எங்க முடியுது, எங்க ரெண்டா கிளை பிரியுது, எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு மெஷின் குறிச்சுக்கும், அதாவது படம் நம்பரா மாறிடுது, நம்பரை நம்பரோட ஒப்பிடுறது மெஷினுக்கு நிமிஷ வேலை. 1985ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஊரையே நடுங்க வெச்ச தொடர் கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சது, திருட்டுக் கார்ல கிடைச்ச ரேகையை அப்பதான் வந்த கம்ப்யூட்டர்ல போட்டுத் தேடினதாலதான். இந்தியாவுல 2022ல நாஃபிஸ்னு நாடு முழுக்க போலீசுக்கான கைரேகை தேடுற கம்ப்யூட்டர் அமைப்பு வந்துச்சு, கைதானவருக்கு 10 இலக்க நம்பர், ஒரு மாநிலத்துல எடுத்த ரேகையை இன்னொரு மாநிலத்து ரெக்கார்டுலயும் தேடலாம். மையும் வேண்டாம், கண்ணாடி மேல விரலை வெச்சா போதும், சரியா பதியலேன்னா அங்கேயே திரும்ப எடுக்கலாம்.

ஆனா ஒண்ணை தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கங்க. மெஷின் 'இவன்தான்'னு சொல்றதில்ல, கிட்டத்தட்ட ஒத்துப்போற ஆளுங்களோட லிஸ்ட்தான் குடுக்கும். 2004ல ஸ்பெயின்ல நடந்த மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புல கிடைச்ச ஒரு ரேகைக்கு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயோட கம்ப்யூட்டர் 20 பேரைக் காட்டுச்சு, அதுல நாலாவதா இருந்த அமெரிக்க வக்கீலைத்தான் நிபுணர்களே உறுதியா சொன்னாங்க, அவர் ரெண்டு வாரம் காவல்ல இருந்தார், அப்புறம் ஸ்பெயின் போலீஸ் அது வேற ஆளோட ரேகைன்னு கண்டுபிடிச்சாங்க. எஃப்பிஐ மன்னிப்பு கேட்டுச்சு. ரெக்கார்டு பெருசாக பெருசாக, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற வேற வேற ஆள் ரேகைங்களும் லிஸ்ட்ல மேல வந்துடும், அதுதான் இதுல இருக்கிற பெரிய ஆபத்து. அதனாலதான் சம்பவ இடத்து ரேகைல என்னென்ன தெரியுதுன்னு முதல்ல குறிச்சு முடிச்சுட்டு அப்புறம்தான் லிஸ்ட்ல இருக்கிற ரேகையைப் பார்க்கணும், இன்னொரு நிபுணர் முதல் ஆள் என்ன சொன்னார்னே தெரியாம தனியா பார்க்கணும்.