கல்லாவுக்கு அந்தப் பக்கம்: அஹ்மத் தீதாத்

நேயர்களுக்கு வணக்கம்.

யாராவது நறுக்கென்று ஒரு கேள்வி கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து வாய் அடைத்துப்போகும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பதில்கள் வரிசைகட்டி வரும். எல்லோருக்கும் நடப்பதுதான். அப்படி வாயடைத்து நின்ற ஒரு கடைப்பையன் பிற்பாடு என்ன ஆனார் என்பதுதான் இன்றைய பேச்சு.

பைபிளை வைத்துக் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதிட்ட இஸ்லாமியப் பேச்சாளர் அஹ்மத் தீதாத், 1918-இல் சூரத் பக்கத்திலுள்ள தட்கேஷ்வரில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்விட்டார். மகன் அங்கே போய்ச் சேர்ந்தது 1927-இல். சில மாதங்களில் ஊரிலிருந்த தாயாரும் காலமானார். பையன் நன்றாகப் படித்தான். காசில்லாமல் பதினாறு வயதில் படிப்பு நின்றது. பட்டம் கிடையாது, ஆலிம் படிப்பும், அதாவது இஸ்லாமிய மார்க்கக் கல்வியும், கிடையாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1936-இல் நேட்டாலின் தென்கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்கிறார். அருகிலேயே ஆடம்ஸ் மிஷன் என்ற கிறிஸ்தவ நிலையம். ஊழியப் பயிற்சி பெறும் மாணவர்கள் அங்கிருந்து சாமான் வாங்க வருவார்கள். சாமானோடு வாதமும் நடக்கும்: உங்கள் நபி பைபிளைப் பார்த்து எழுதியவர்தானே, உங்கள் மதம் வாளால் பரவியதுதானே என்று. பையனுக்குப் பதில் தெரியாது. வந்திருப்பவர் வாடிக்கையாளர், கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அந்தக் கடையின் கிடங்கில் பழைய காகிதங்களைக் கிளறும்போது கிடைத்ததுதான் 'இழ்ஹாருல் ஹக்' என்ற நூல். இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது. 1854-இல் ஆக்ராவில் ரஹ்மத்துல்லாஹ் கைரானவி என்ற அறிஞர், ஃபாண்டர் என்ற ஜெர்மானியப் பாதிரியாரோடு பொதுமேடையில் வாதிட்டார். அவருக்குத் துணை நின்ற டாக்டர் வஸீர் கான் இங்கிலாந்தில் மருத்துவம் படித்தவர். பைபிளைப் பற்றி ஐரோப்பியர்களே எழுதிய ஆய்வுகள் அவர் கைவசம் இருந்தன. பாதிரியார் அதை எதிர்பார்க்கவில்லை. 1857 கலகத்துக்குப் பிறகு கைரானவி மக்காவுக்குத் தப்பிப் போனார். உதுமானிய சுல்தான் கேட்டுக்கொண்டதால் அந்த வாதங்களை விரித்து நூலாக்கினார், அதுதான் 'இழ்ஹாருல் ஹக்'. ஆக்ராவில் நடந்த சண்டை, நேட்டாலில் ஒரு கிடங்கில் தூசி படிந்து கிடந்திருக்கிறது பாருங்கள்!

தீதாத் உடனே ஒரு பைபிள் வாங்கினார். மாணவர்கள் வரும்போது இப்போது கேள்வி கேட்டது கடைப்பையன்.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது ஒன்றுதான்: அவர் எழுத்து கல்லாவில் பிறந்த எழுத்து. எதிரே ஓர் ஆள் நின்றால்தான் அவருக்குப் பேனா ஓடும்.

1942-இல் டர்பன் அவலோன் திரையரங்கில் அவருடைய முதல் சொற்பொழிவுக்கு வந்தவர்கள் 15 பேர். 1957-இல் குலாம் ஹுசைன் வாங்கர், தாஹிர் ரசூல் இருவரோடும் சேர்ந்து இஸ்லாமியப் பிரசார மையத்தைத் தொடங்கினார். கிரே தெருப் பள்ளிவாசலைப் பார்க்க வரும் வெளியாட்களுக்குச் சுற்றிக் காட்டி விளக்கும் வேலையையும் அவர்கள் நடத்தினார்கள்.

'முஹம்மதைப் பற்றி பைபிள் என்ன சொல்கிறது' என்ற சிறுநூலை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் டச்சு சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்களுக்குத் தீதாத் ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் பேசுகிறார். பன்னிரண்டு பேர் சாக்குச் சொல்கிறார்கள். பதின்மூன்றாவது ஆள், வான் ஹீர்டன், வீட்டுக்கு வாருங்கள் என்கிறார். வராந்தாவில் அன்பாக வரவேற்கிறார். ஆனால் ஒன்று, துணைக்குத் தன் மாமனாரை உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். மாமனாருக்கு வயது எழுபது! பேச்சு பைபிளின் உபாகமம் 18:18-க்கு வருகிறது. "உன்னைப்போல ஒரு தீர்க்கதரிசி" என்று மோசேயிடம் சொல்லப்பட்டது யாரை? இயேசுவை என்கிறார் போதகர். மோசேக்குத் தகப்பன் உண்டா, கல்யாணம் ஆனதா, சாதாரணமாக இறந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார் தீதாத்: இவை இயேசுவுக்குப் பொருந்தாது, முஹம்மதுக்குத்தான் பொருந்தும் என்பது அவர் வாதம். கிறிஸ்தவ அறிஞர்கள் இதற்கு மறுப்பு எழுதியிருக்கிறார்கள். அதே வசனத்தில் வரும் "அவர்கள் சகோதரரிலிருந்து" என்பது இஸ்ரவேலரையே குறிக்கும் என்பது அவர்கள் வாதம். அது தனிக் கதை. எனக்கு வியப்பு, ஒரு வேதவசன ஆராய்ச்சியை மாமனார், வராந்தா சகிதம் கதையாகச் சொல்லத் தெரிந்ததுதான்.

அதே குணம்தான் அவருக்குப் பகையையும் சேர்த்தது. கல்லாவில் நிற்பவனுக்கு எதிராளியை மடக்குவது முக்கியம். கேலி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். தென்னாப்பிரிக்க முஸ்லிம்களிலேயே பலர், பக்கத்து வீட்டுக்காரரோடு வாழ வேண்டிய இடத்தில் இந்தத் தொனி வேண்டாம் என்றார்கள். எனக்கும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. பட்டமில்லாதவர் என்று சொன்னேனே, அந்தத் துணிச்சல் வந்ததும் அங்கிருந்துதான், அளவு மீறியதும் அங்கிருந்துதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். நூல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், ஓடிவிடுகிறேன். 1986-இல் சவூதி அரேபியாவின் மன்னர் ஃபைசல் விருது. அதே ஆண்டு அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட்டோடு விவாதம், அதன் வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. 1996-இல் பக்கவாதம். பேச்சு போயிற்று, எழுத்து அட்டையைக் காட்டக் காட்டக் கண்ணசைவால் சொற்களைக் கோர்த்துத்தான் கடைசிவரை பேசினார். 2005 ஆகஸ்ட் 8 அன்று காலமானார். 'பைபிள் இறைவனின் வார்த்தையா?' என்பது காரமான நூல். புதிதாகப் படிப்பவர்கள் அதில் தொடங்க வேண்டாம், வான் ஹீர்டன் வராந்தாவில் தொடங்குங்கள். படிக்கும்போது பைபிளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் காட்டும் வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.