கதவு உள்ள ஓர் அறை

(நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளை ஒட்டி அரசு மருத்துவமனைச் செவிலியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் ஐயா அவர்களே, மாவட்ட சமூக நல அலுவலர் அம்மா அவர்களே, தலைமை மருத்துவர் அவர்களே, அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் தங்கை அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அரிமா சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். அரிமா சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. பிரசவ வார்டில் மின்விசிறி ஓடாமல் தாய்மார்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த கோடையில், கேட்ட மறுவாரமே மின்விசிறிகளை மாட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் அவர்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். இரவுப் பணி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்குத் தனி வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம் பேச நமக்குத் தெரியுமா என்பது ஒன்று. சட்டம் நமக்கு என்ன வேலை வைத்திருக்கிறது என்பது இரண்டு. செவிலியர்களாகிய நம் வீடுகளிலேயே நடப்பது மூன்றாவது.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். வார்டிலும் அப்படித்தான் நடக்கிறது, கத்துகிறவர் கட்டிலுக்குத்தான் முதலில் ஓடுவோம். ஆனால் கட்டிய கணவன் அடித்து வருகிற பெண் அழுவதில்லை. “படியில விழுந்துட்டேன் சிஸ்டர்” என்று தரையைப் பார்த்துச் சொல்வாள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-இல் நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29. அடிபட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 14 பேர்தான். அதிலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்கு. மருத்துவரிடம் வாய் திறந்தவர்கள் மிகமிகக் குறைவு. இத்தனைக்கும் காயத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வருவது நம்மிடம்தான்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வட்ட மருத்துவமனையில் எனக்கு இரவுப் பணி. ஊர்ப் பெயர் வேண்டாம். பதினோரு மணி இருக்கும். புருவம் கிழிந்து, துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கூடவே கணவன். நல்ல மரியாதையான ஆள், எனக்குக் கைகூப்பி வணக்கம் வைத்தான். பெயர் என்னம்மா என்று அவளைக் கேட்டால் அவன் சொன்னான், எப்படி விழுந்தாய் என்றால் அதையும் அவனே சொன்னான். பி.பி. பார்க்கப் புடவைத் தலைப்பை விலக்கினேன். முன்கையின் வெளிப்பக்கத்தில், முகத்தை மறைக்கக் கை தூக்கினால் அடி விழுமே அந்த இடத்தில், மூன்று கன்றல். ஒன்று கருநீலம், ஒன்று பச்சை, இன்னொன்று மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் படியில் விழுந்தவளுக்கு மூன்று நிறத்தில் கன்றாது.

எங்கள் மருத்துவமனை ஆயா அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, படித்ததும் இல்லை. “தம்பி, சீட்டுல வயசு போடல, போய்ப் போட்டுட்டு வா” என்று அவனை அனுப்பினார். கூட்டமே இல்லாத நேரம், போன வேகத்தில் திரும்பிவிட்டான். “ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எங்க?” என்றார். “இந்நேரத்துக்கு எந்தக் கடைம்மா?” என்றான். “பஸ் ஸ்டாண்டுல டிராவல்ஸ் ஆபீஸ்ல மெஷின் இருக்கு, நான் சொன்னேன்னு சொல்லு. ரெண்டு காப்பி எடு” என்றார். வண்டிச் சத்தம் கேட்டைத் தாண்டியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்தில் காய்ந்த இரத்தத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, “யாரு கண்ணு அடிச்சது?” என்று கேட்டார். அவ்வளவுதான். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து நடந்தது எல்லாம் வர ஆரம்பித்தது. அம்மிக் குழவியை ஓங்கியது, போனைப் பிடுங்கி வைத்தது, குழந்தை கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, எல்லாம்.

பாதியில் ஒரு விபத்துக் கேஸ் வந்தது. பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் உள்ளே புகுந்தார்கள். எங்கள் அவசரப் பிரிவு ஒரே கூடம், நடுவில் சக்கரம் உடைந்த ஒரு திரைத் தட்டி. வந்தவர்களில் ஒருவன் அவளை எட்டிப் பார்த்து, “நம்ம அண்ணன் சம்சாரம்ல, என்னாச்சு?” என்றான். வாயை மூடியவள் மூடியவள்தான். கணவன் ஜெராக்ஸ் இரண்டு காப்பியோடு வந்து நின்றான். ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் ‘படியிலிருந்து விழுந்தது’ என்றே ஏறியது. கட்டு மாற்ற வரச் சொன்ன நாளில் அவள் வரவில்லை.

ஆயா கேட்டார், அவள் சொன்னாள். இல்லாமல் போனது நாலு சுவரும் ஒரு கதவும்தான். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது. வருகிற எல்லாப் பெண்களையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். காயமும் சொல்லும் கதையும் ஒத்துப்போகாதபோது கேளுங்கள், தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள், கேட்பதற்கு முன் பயிற்சி எடுங்கள், அவள் சொன்னதை நம்புங்கள், இன்றிரவு வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பா என்று பாருங்கள். காயத்தின் நீளம் அகலம் எழுத நம் மருத்துவர்களுக்குத் தடயவியல் வகுப்பில் நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். அவளிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் பாடம் வேண்டும். ஆனால் பயிற்சி கொடுத்துவிட்டு அந்தத் திரைத் தட்டிக்குப் பின்னால் நின்று கேள் என்றால் எப்படி?

சட்டத்துக்கு வருகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவும், விதிகளில் 17-ஆம் விதியும் நமக்கானவை. முன்கூட்டி குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை பதியவில்லை என்பதற்காக சிகிச்சையை மறுக்கக் கூடாது. அறிக்கை இல்லையென்றால் மருத்துவமனைப் பொறுப்பாளரே அந்த அறிக்கைக்கான படிவம் 1-ஐ நிரப்பி, இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்குக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். கேட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்று தங்கைகள் பயப்படுவது எனக்குத் தெரியும். அடிதடிக்குப் போடும் ஏ.ஆர். வேறு, இந்தப் படிவம் வேறு. இது முதலில் போவது சமூக நலத் துறைக்கு. இந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சரி, எண்ண வேண்டிய அவசியமே இல்லை. சமூக நல அலுவலர் அம்மா, ஒரு கட்டுப் படிவத்தை இன்றே அவசரப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மும்பையைக் காட்டுவேன். பாந்த்ராவில் உள்ள மாநகராட்சியின் பாபா மருத்துவமனைக்குள்ளேயே 2000-களின் தொடக்கத்தில் ‘திலாசா’ என்ற மையத்தைத் திறந்தார்கள். ‘செஹாட்’ என்ற தொண்டு நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து தொடங்கியது அது, அந்த மருத்துவமனை ஊழியர்களே பயிற்சி எடுத்து மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பிறகு அது வேறு மாநகராட்சி மருத்துவமனைகளுக்கும் பரவியது. பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் இதேபோல ‘பூமிகா’ மையங்கள் இருக்கின்றன. நம்மிடம் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. ஆனால் அந்த மையம் மாவட்டத் தலைநகரில். ராத்திரி பதினோரு மணிக்குப் புருவம் கிழிந்தவள் நிற்பது இங்கே.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். சீருடைக் கைக்குள் கன்றலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வரும் தங்கைகள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், அவளுக்காக நாம் அழுவோம். நம் மருத்துவமனையில் பழைய எக்ஸ்ரே அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த கட்டில்கள். ஈயத் தகடு பதித்த கனத்த கதவு, பேசுவது வெளியே கேட்காது. அவசரப் பிரிவிலிருந்து பத்தடி தூரம். அதைக் காலி செய்து கொடுங்கள் ஐயா. இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு குழாய், உள்பக்கம் தாழ்ப்பாள் போதும். வெள்ளையடித்துக் கொடுப்பது அரிமா சங்கத்தின் பொறுப்பு. வாசலில் ‘பெண்கள் பரிசோதனை அறை’ என்று மட்டும் எழுதுங்கள், கூட வருகிறவனுக்கு சந்தேகம் வராது. இரவிலும் ஓர் ஆலோசகர் பணியில் இருக்க இணை இயக்குநர் அவர்கள் மேலிடத்துக்கு எழுத வேண்டும். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.