கணக்கு நோட்டும் மாணவர் கையில்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

சுற்றுச்சூழல் கருத்தரங்கு, நிலைத்த வளர்ச்சி பற்றிய கண்காட்சி என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகளில் இப்போது அடிக்கடி ஏதாவது நடக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் 17 இலக்குகளை வகுத்து, 2030-க்குள் எட்ட வேண்டும் என்று கெடு வைத்தது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பும் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. அதனால் நிகழ்ச்சிகள் பெருகியிருக்கின்றன. பெருகட்டும். விலங்கியல் ஆசிரியராகவும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்த நிகழ்ச்சிகளை முழுப் பொறுப்போடு மாணவர்களிடம் கொடுங்கள். பணப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? தேதி, பேச்சாளர், சாப்பாடு, ஃபிளெக்ஸ் எல்லாம் துறைத் தலைவர் அறையிலேயே முடிவாகிவிடும். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாணவர்களைக் கூப்பிடுவார்கள். பையன்கள் நாற்காலி தூக்குவார்கள். பெண் பிள்ளைகள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பார்கள். எல்லோருக்கும் வாலண்டியர் பேட்ஜ், வகுப்புக்குப் போகாமலேயே வருகைப் பதிவு தருகிற ஒரு நாள் 'ஓடி', சான்றிதழ். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று மேடையில் பேசி முடிந்ததும் அரங்கத்துக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் குவிந்து கிடக்கும். அதைப் பொறுக்குவதும் அந்தப் பிள்ளைகள்தான். எதை வாங்குவது என்று முடிவெடுத்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. மூன்று வருடப் படிப்பில் சுற்றுச்சூழல் பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய பிள்ளைகள் அவர்கள். அந்தப் பாடத்தைச் செய்து பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பு இந்த ஒரு நாள்தான். அதையும் நாம் கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு வருடம் உலக ஈரநில நாளை மாணவர் குழுவே நடத்தியது. பிப்ரவரி 2-ஐத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தேதியில் கல்லூரி திறந்திருக்காது, இல்லையென்றால் அப்போதுதான் திறந்திருக்கும். யார் கூடித் திட்டமிடுவது? பிப்ரவரி என்றால் பாதி வருடம் கையில் இருக்கிறது. அப்புறம், ஈரநிலம் நம் வீட்டு வாசலில் இருக்கிற விஷயம். சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கிற ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வேம்பனூர் குளம் 20 ஹெக்டேர்கூட இல்லை. அவ்வளவு சின்னக் குளத்துக்கு உலக அளவில் ஓர் இடம். தேரூரில் பஸ் ஜன்னல் வழியாகவே கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்த வெளியிலிருந்து யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

குழு முதலில் மோதிய சுவர் பில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கல்லூரியிலும் இதுதான் நடக்கிறது.

வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் ஃபைலும் பொன்னாடையும் வேண்டாம், ஓலைப்பெட்டியில் ஒரு சீப்பு மட்டிப்பழமும் கொஞ்சம் கருப்பட்டியும் வைத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அருமையான யோசனை. கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் கல்லூரி அலுவலகத்தில் எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வேண்டும், மூன்று கொட்டேஷன் வேண்டும். ஃபிளெக்ஸ் கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் பில் தருவார். ஓலைப்பெட்டி முடைகிற பாட்டி எங்கே போவார்? போய்ப் பார்த்துவிட்டு வந்த மாணவி சொன்னாள்: "பில்லுன்னா என்னதுன்னு கேக்காவ சார். நம்மளப் பாத்து சிரிக்காவ."

யோசித்துப் பாருங்கள். மண்ணுக்குக் கேடு செய்கிற பொருள் சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது. மண்ணோடு மக்குகிற பொருளுக்குக் கதவு திறப்பதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் பயம் அது, நியாயமான பயம். இதை எந்தப் பாடப் புத்தகமும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளரின் மேசைக்கு எதிரே நின்றபோது கற்றுக்கொண்டார்கள்.

வழியையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஓலை வேலை செய்கிற பெண்கள் சிலர் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தார்கள். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தது, ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. குழுவின் பெயரில் ரசீது, பணம் நேராக வங்கிக் கணக்குக்கு. பணம் பெற்றதற்கான ரசீது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு ஒட்டி வாங்கி வந்தார்கள். கண்காணிப்பாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி என்று கையெழுத்துப் போட்டார். வணிகவியல் படித்த ஒரு பையன் கணக்கு நோட்டை அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான். சுற்றுச்சூழல் என்றால் விலங்கியலும் தாவரவியலும் மட்டுந்தான் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. 300 பேர் வருவார்கள் என்று கணக்கு. ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 150 லிட்டர் தண்ணீர். 20 லிட்டர் கேன் எட்டு போதும். பாட்டில் என்றால் 300 பாட்டில் குப்பை. எவர்சில்வர் தம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது, கழுவ ஆள் மட்டும் வேண்டும். பேப்பர் கப் என்றால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1-இலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அந்தப் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. இது தெரியாமலேயே கல்லூரிகளில் டீ கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாழையிலையில் சாப்பாடு என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நாகர்கோவில்காரர்களுக்கு இலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா என்ன? ஆனால் தை மாதம் முகூர்த்த மாதம். வடசேரி சந்தையில் விசாரிக்கப் போனவர்கள், தலைவாழை இலை விலையைக் கேட்டு அதிர்ந்து திரும்பினார்கள். இருக்கிற பணத்துக்குள் எப்படி அடக்குவது? மதியத்துக்கு முழுச் சாப்பாடு வேண்டாம், மரச்சீனிக் கிழங்கும் பயறும் கஞ்சியும் போதும், சின்ன இலையே போதும் என்று ஒரு மாணவி சொன்னாள். சிறப்பு விருந்தினருக்கும் அதுவா என்று ஆசிரியர்களுக்கு ஒரே தயக்கம். விருந்தினர் இரண்டாவது தடவை கிழங்கு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்ட பிறகுதான் உண்மையான வேலை. 100 பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சியை உரிமம் பெறாத இடத்தில் நடத்தினால், மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. இரண்டு மாணவர்கள் கடிதத்தோடு போனார்கள். அங்கே தூய்மைப் பணி மேற்பார்வையாளர் உட்கார வைத்துப் பேசினார். இலை வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், உரமாகிவிடும். இலைக்குள்ளே ஊறுகாய் பாக்கெட்டையும் ஸ்பூனையும் சுருட்டி வைத்து அனுப்புகிறீர்களே, அதைக் கையால் பிரிக்கிறவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்றார். திரும்பி வந்தவர்கள் பாக்கெட் ஊறுகாயையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அன்றைக்கு இலை போடுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் நின்று ஒவ்வொரு இலையாக விரித்துப் பார்த்தே போட்டார். மிச்சத்தைத் தராசில் நிறுத்தும் எழுதினார்கள்.

நாகர்கோவில் குப்பையைக் கொட்டி வந்த வலம்புரிவிளை உரக்கிடங்கில் தீப்பிடித்த செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் புகை என்ன என்று தெரியும். நம் அரங்கத்திலிருந்து போகிற குப்பை வானத்தில் மறைந்துவிடுவதில்லை. அந்த மேற்பார்வையாளரோடு பேசிய பிறகு, குப்பை எந்த வண்டியில் ஏறி எங்கே இறங்குகிறது என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. மேடையில் பேசிய எங்கள் யாருக்கும் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

நேரத்தையும் அவர்களே வைத்தார்கள். நான்கு மணிக்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. பேச்சிப்பாறைப் பக்கம் மலையோரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கும் பஸ் இருக்கிறது. கார் வைத்திருக்கிற நமக்கு இது தோன்றாது. வேலையைப் பிரித்ததிலும் பையன், பெண் என்று பார்க்கவில்லை. தராசைப் பிடித்தது ஒரு பெண், வாசலில் வரவேற்றது ஒரு பையன்.

இதையெல்லாம் செய்ய மாணவர்களுக்குப் பெரிய தொகை வேண்டியதில்லை. ஒதுக்குகிற தொகையை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும். ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், தடுக்கி விழப்போனால் பிடிக்க வேண்டும். முடிவை மட்டும் அவர்களிடம் விட்டுவிட வேண்டும். வேலை செய்த பிள்ளைகளின் வருகைப் பதிவைத் துறைத் தலைவர்கள் முன்கூட்டியே சரிசெய்து கொடுத்துவிட்டால், கடைசி நேரத்தில் ஓடிக்காக அறை அறையாக அலைய வேண்டியிருக்காது.

வருகிற பிப்ரவரிக்கு இப்படி நடத்த நினைக்கிற கல்லூரிகள் ஆகஸ்டிலேயே குழுவை அமைத்துவிடுங்கள். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும், அந்தக் குழுவே அதிலும் சேர்ந்துகொள்ளலாம். ஓலைப்பெட்டி வேண்டும் என்றால் ஆவணிக்குள் முன்பணம் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓலை காயாது, முடைகிறவர்களும் பாவம், ஒத்துக்கொண்டுவிட்டுத் தவிப்பார்கள்.

நன்றி. வணக்கம்.